மேலுக்கு நல்ல தண்ணீர்

கணவர் பர்னபாஸின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்ததும் அமலோற்பவம் போர் மோட்டாரைப் போட்டாள். பச்சை ரப்பர் குழாய் ஒருமுறை துள்ளி, காற்றைக் கக்கிவிட்டுச் சீராக ஊற்றத் தொடங்கியது. குழாயின் வாயைக் கட்டைவிரலால் அமுக்கினாள். முட்டி வலியோடு பலகையில் உட்கார்ந்து, ஷெட்டில் நின்ற சிவப்புக் காரின் வயிற்றுக்கடியில் அந்த உப்புத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாள். முன்சக்கரத்தின் உள்பக்கம். பின்சக்கரத்தின் உள்பக்கம். நடுவில் நீளமாக ஓடும் மெல்லிய இரும்புக் குழாய்கள். கதவுக்குக் கீழே இருக்கும் மடிப்பு. அதில் தண்ணீர் தேங்கினால் சாயங்காலம் வரை காயாது. பத்து நிமிடம் கழித்து மோட்டாரை நிறுத்தினாள். சமையலறையிலிருந்து ஒரு குடம் மாநகராட்சித் தண்ணீரைத் தூக்கி வந்து, மெத்தென்ற துணியை முக்கிப் பிழிந்து, காரின் மேல்பக்கத்தைக் கைக்குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்தாள். மேலுக்கு நல்ல தண்ணீர், அடிக்கு உப்புத் தண்ணீர். ஒரு வருடம் எட்டு மாதமாக இதுதான் முறை.

தூத்துக்குடியில் குழாயைத் திறக்கும்முன் எந்தத் தண்ணீர் என்று யோசிக்க வேண்டும். மாநகராட்சி விடுவது நல்ல தண்ணீர். அவர்கள் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரம். மற்ற நேரமெல்லாம் போர் தண்ணீர். வாயில் விட்டால் கடல்தான். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, எவர்சில்வர் வாளியில் ஒரே வாரத்தில் வெள்ளை பூத்துவிடும். காரை வாங்கி வந்த அன்றே பர்னபாஸ் சட்டம் போட்டுவிட்டார். காருக்கு நல்ல தண்ணீர் மட்டும். கழுவுவதும் அமலோற்பவம் மட்டும். வேலைக்காரியின் வளையல் கீறிவிடும், வாட்டர் சர்வீஸ்காரன் கண்ட துணியையும் போட்டுத் தேய்ப்பான். ஒரு கோடையில் பத்து நாள் நல்ல தண்ணீர் வரவில்லை. கேன் தண்ணீர் வாங்கினார்கள். கேன் தண்ணீரில் கார் குளித்தது. அமலோற்பவம் போர் தண்ணீரில் குளித்தாள். இடுப்புவரை தொங்கிய முடி அந்த வருடம்தான் கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. பர்னபாஸ் சீப்பைப் பார்த்தார். "வயசாவுதுல்லா," என்றார்.

அது முப்பத்து மூன்று வயதான இத்தாலிக் கார். ஒரு மில் முதலாளியின் வீட்டில் போர்வை போர்த்திக் கிடந்ததைக் கோயம்புத்தூரிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டே சீட்டு. சுவிட்சைத் தட்டினால் மூடிக் கிடக்கும் முன்விளக்குகள் தவளைக் கண்போல மேலே எழும்பும். அதைப் பார்ப்பதற்கென்றே தெருப் பிள்ளைகள் கூடும். துறைமுகத்தில் சரக்குக்குக் கிளியரன்ஸ் வாங்கிக் கொடுக்கும் ஏஜென்டு பர்னபாஸ். ஐம்பத்தைந்து வயது. தினமும் ஆபீசுக்கு ஸ்கூட்டரில்தான் போவார். கார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும். வீட்டிலிருந்து கோவிலுக்கு ஒன்றரை கிலோமீட்டர்.

அந்த ஒன்றரை கிலோமீட்டரின் முடிவில்தான் அது நடந்தது. காரின் சீட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரம். உள்ளே விழுந்துவிடலாம், வெளியே வர முட்டி வேண்டும். பூசைக்கு நேரமாகிவிட்டது. கோவில் வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். அமலோற்பவம் ஒரு காலை வெளியே வைத்தாள், எழ முடியவில்லை. கதவைப் பிடித்து எம்பினாள். சேலைக் கொசுவம் அவிழ்ந்தது. மறுபடியும் உள்ளேயே விழுந்தாள். பர்னபாஸ் கை கொடுக்கவில்லை. காரைச் சுற்றி வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நண்பர்களைப் பார்த்துச் சொன்னார். "ஹார்பர்ல கிரேனுக்குச் சொல்லியிருக்கேன். ரெண்டு கண்டெய்னர் எறக்கிட்டு இங்கன வருவாவ. அதுவரைக்கும் இது உள்ளயே கெடக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். மெழுகுவர்த்தி விற்கிறவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அமலோற்பவமும் சிரித்தாள், வேறென்ன செய்ய? இரண்டு கன்னியாஸ்திரிகள் வந்து தூக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் கையில் நல்ல தண்ணீர்க் குடத்தோடு கார் முன்னால் நின்றவள், குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் போர் மோட்டாரைப் போட்டாள். யோசித்துச் செய்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. என் தலைக்கு ஆகிற தண்ணீர் இதுக்கும் ஆகட்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் செய்தாள். அவர் ஆபீசுக்குப் போனபின் இரண்டு தெரு தள்ளி இருந்த டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். கப்பலில் இருக்கும் மகன் அமலனுக்கு மட்டும் சொன்னாள். லைசென்சு வந்துவிட்டது. ஜெபப் புத்தகத்துக்குள் கிடந்தது. உயரமான சீட்டுள்ள ஒரு சாதாரணக் கார். கதவைத் திறந்தால் மனுஷியைப்போல ஏறி, மனுஷியைப்போல இறங்கலாம். தானே ஓட்டிக்கொண்டு போய்க் கோவில் வாசலில் நிறுத்தலாம். அவள் கேட்டது அதுதான். வாய்விட்டு இரண்டு முறை கேட்டிருக்கிறாள். "டாக்சி கம்பெனி வைக்கப் போறியாளா?" என்று பர்னபாஸ் முதல் முறை கேட்டார். இரண்டாம் முறை பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

போன மாதம் பர்னபாஸுக்கே முதுகில் டிஸ்க் விலகியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வாசலில், அதே காருக்குள் அவர் மாட்டிக்கொண்டார். நாலு பேர் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். ஒருவர் விசிறினார், ஒருவர் சோடா வாங்கப் போனார். அமலோற்பவம் ஓரமாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

டாக்டர் இனி அந்தக் காரைத் தொடக்கூடாது என்றார். பர்னபாஸ் ஒரு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார். திருச்செந்தூர்ப் பக்கம் நாசரேத்திலிருந்து ரெனிஷ் என்று ஒருவன் பேசினான். கத்தாரில் எண்ணெய்க் கம்பெனி வேலை, லீவில் வந்திருக்கிறான். அவனிடம் ஒரு வெள்ளை செடான் இருக்கிறது, வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்ளலாம் என்றான். சனிக்கிழமை என்று பேசி முடித்தார்கள்.

குழாயோடு பலகையில் உட்கார்ந்த அன்று வியாழக்கிழமை. இனிமேல் அடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அமலோற்பவத்துக்குத் தெரியும். கைதான் கேட்கவில்லை.

துணியைப் பிழிந்துகொண்டிருக்கும்போது மெக்கானிக் பெனிஸ்டன் வந்தான். சனிக்கிழமைக்காக டயருக்குக் காற்றுப் பிடிக்கவும் பேட்டரியைப் பார்க்கவும் பர்னபாஸ் அனுப்பியிருந்தார். பேட்டரியை மாட்டிவிட்டு, எதற்கும் பார்ப்போம் என்று அட்டையை விரித்துக் காருக்கடியில் நுழைந்தான். வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஏதோ பொடிந்து அட்டையில் கொட்டுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தவனின் முகத்தில் செம்மண் பூசியதுபோலத் துரு. ஈரமான விரலை நாக்கில் வைத்துப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சுருட்டி வைத்திருந்த பச்சைக் குழாயைப் பார்த்தான்.

"கடல் காத்துக்கா," என்றான். "இந்த ஊர்ல எந்த வண்டி நிக்கும்."

அவள் துணியை இன்னொரு முறை பிழிந்தாள்.

"பிரேக்குக் குழாய் ரெண்டும் அப்பளமா இருக்கு. சாதாவா மிதிச்சா பிடிக்கும். ஒருநா குறுக்க மாடு வந்து ஓங்கி மிதிப்பாவ பாருங்க, அன்னைக்குப் புட்டுக்கிடும். பெடல் தரையில போய்ப் படுத்துரும்."

பர்னபாஸிடம் தான் சொல்ல முடியாது என்றான். போன தடவை துரு என்று சொன்னதற்கு, துருவை விற்றுப் பிழைக்கிறாயா என்று ஆபீசில் எல்லார் முன்னாலும் கேட்டாராம். "நீங்க சொல்லிருங்கக்கா. ஓட்டாம வச்சா ஒண்ணுமில்ல." அட்டையில் கொட்டிய துருவைச் சாக்கடையில் தட்டிவிட்டுப் போனான்.

மத்தியானம் பர்னபாஸ் சாப்பிட வந்தார். சொல்லிவிடுவது என்றுதான் அமலோற்பவம் தட்டைப் போட்டாள். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. காரைத் தூக்கிப் பார்ப்பார். உப்புப் பூத்துக் கிடக்கும். யார் கழுவியது என்று ஊரில் போய்க் கேட்க வேண்டியதில்லை. வெள்ளைக் கார் வராது. அது மட்டுமா? அவள் சோற்றின் மேல் குழம்பை ஊற்றும்போது பர்னபாஸ் போனில் பேசிக்கொண்டிருந்தார். டிஸ்க் பற்றி ஒரு வார்த்தையில்லை. "என்ன செய்ய, பொண்டாட்டிக்கு முட்டு போச்சு. அவளுக்காவண்டி எஞ்செல்லத்தக் கொடுக்கேன். நம்ம ஊர்ல எந்தப் புருஷன் செய்வான், சொல்லு." அந்தப் பக்கம் யாரோ மெச்சினார்கள்போல. பர்னபாஸ் பணிவாகச் சிரித்தார். அமலோற்பவம் மீன் துண்டை அவர் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வாங்குகிறவனைப் பற்றி அவள் நினைக்காமல் இல்லை. இரண்டு நாளும் நினைத்தாள். நினைவில் வந்தவன் பர்னபாஸின் சாயலில் இருந்தான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தான். தனியாகக் காரில் ஏறித் தனியாகப் போனான். அவனுக்காக அவளால் வருத்தப்பட முடியவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது. சீட்டுகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ரெனிஷ் இறங்கினான். முப்பது வயதிருக்கும், மணிக்கட்டில் தடித்த சங்கிலி. அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண்ணும் இறங்கினாள். உருண்டையான முகம், கனத்த உடம்பு, கையில் சாப்பாட்டுக் கூடை. மனைவி ஜெபிஷா என்றான். அமலோற்பவம் திரும்பிச் சிவப்புக் காரைப் பார்த்தாள். இரண்டு சீட்டு வண்டி. இரண்டாவது சீட்டை அவள் மறந்தே போயிருந்தாள்.

ரெனிஷ் சிவப்புக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். விளக்குகள் எழும்பியபோது கை தட்டினான். குனிந்து அடியில் பார்க்கவேயில்லை. பளபளக்கிற பெயின்டில் தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். பத்திரங்களில் கையெழுத்தாயிற்று. வெள்ளைக் காரின் பின்கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. "அப்பாவின் அன்பளிப்பு" என்று எழுதியிருந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்றார் பர்னபாஸ். ரெனிஷ் ஒரு பிளேடு வாங்கி, ஜெபிஷா பார்த்துக்கொண்டிருக்க, எழுத்தெழுத்தாகச் சுரண்டி எடுத்தான். சுருளாக விழுந்ததை ஊதித் தள்ளினான்.

"ஏளா, உக்காந்து பாரு," என்று சிவப்புக் காரின் கதவைத் திறந்தான். ஜெபிஷா குனிந்து பார்த்துத் தயங்கினாள். "இது ரெண்டு சீட்டு வண்டிதான் அண்ணாச்சி. இவளுக்கே ரெண்டும் வேணும். நான் டிக்கியிலதான் போவணும்."

பர்னபாஸ் விழுந்து விழுந்து சிரித்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு. ஜெபிஷாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அமலோற்பவத்துக்குத் தெரியும். உதடு மட்டும் விரியும், கண் எங்காவது ஒரு மூலையைத் தேடும்.

டீ போட அழைத்துப்போவதுபோல அவளைச் சமையலறைக்குள் கூட்டிப்போனாள். ஜெபிஷா கூடையைக் கீழே வைக்காமலே நின்றாள். கேட்காமலேயே சொன்னாள். அப்பா சாத்தான்குளத்துப் பக்கம் ஹெட்மாஸ்டராக இருந்தாராம். ரிட்டயர்டான பணத்தில் இந்தக் காரை வாங்கிக் கல்யாணத்துக்குக் கொடுத்தாராம். கொடுத்த மூன்றாம் மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாராம். அவர் ஒரே ஒரு தடவை அதில் ஏறினார், அதுவும் ஆஸ்பத்திரிக்கு. 

அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது. அமலோற்பவம் தீயைக் குறைத்தாள்.

"அந்தச் செவப்புக் கார்ல நீ ஏறாத."

"ஏன் ஆண்ட்டி?"

"பிரேக்குக் குழாய் துருப்பிடிச்சுப் போச்சி. அழுத்தி மிதிச்சா அத்துரும். மெக்கானிக் சொன்னான். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது."

ஜெபிஷா கூடையைக் கீழே வைத்தாள். "நீங்க ஏன் சொல்லல?"

பொய் சொல்ல நேரமிருந்தது. அமலோற்பவம் சொல்லவில்லை. "எனக்கு அந்த வெள்ளைக் கார் வேணும்."

"அது எங்கப்பா கார்."

"தெரியும்."

சொல்லியாயிற்று. இந்தப் பெண் வெளியே ஓடுவாள், புருஷனிடம் சொல்வாள், வீடு இரண்டுபடும் என்று அமலோற்பவம் எதிர்பார்த்தாள். பயமாகவும் இருந்தது, சுமை இறங்கியதுபோலவும் இருந்தது. டீயை ஆற்றிக் கொடுத்தாள். ஜெபிஷா வாங்கிக் குடித்தாள். அவசரப்படவில்லை. டம்ளரின் அடிவரை குடித்தாள்.

வெளியிலிருந்து ரெனிஷ் கத்தினான். "ஏளா, அங்கன என்ன, சமையக்கட்டையே முழுங்கிட்டுத்தான் வருவியா? நேரமாவுது."

ஜெபிஷா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். வாசலுக்குப் போய், படியிலேயே நின்று, சன்னமான குரலில் சொன்னாள். "எனக்கு வயித்தப் பெரட்டிட்டு வருதுங்க. அதுல குனிஞ்சு உக்கார முடியாது. நான் பொறவு பஸ்ஸுல வாரேன். நீங்க போங்க."

அமலோற்பவம் அவள் முதுகையே பார்த்தபடி நின்றாள். ஏதாவது சேர்த்துச் சொல்வாள் என்று காத்திருந்தாள். முதுகு அசையவில்லை.

ரெனிஷ் தோளைக் குலுக்கினான். வெயிட்டு குறைந்தால் ஸ்பீடு கூடும் என்றான். அப்போதுதான் பர்னபாஸுக்கு யோசனை வந்தது. காலியான சீட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார், கொடுக்கப்போகிற பொருளின் மேல் வருகிற ஆசை முகத்தில் அப்படியே தெரிந்தது. "செகண்ட் கியர் கொஞ்சம் மொரண்டு பிடிக்கும் தம்பி. போற வழியில ஆத்தூர் வரைக்கும் நான் கூட வந்து பழக்கிவிடுதேன். அங்கயிருந்து பஸ் ஏறிக்கிடுதேன்."

டாக்டர் சொன்னதை அவருக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. ரெனிஷ் தோளைக் கொடுத்தான். பர்னபாஸ் முனகிக்கொண்டே ஒவ்வொரு காலாக உள்ளே வைத்து, சீட்டில் சரிந்து, கண்ணை மூடி ஒரு நிமிடம் மூச்சு வாங்கினார். அப்புறம் சின்னப் பையனைப்போல டேஷ்போர்டைத் தடவினார். எஞ்சின் உறுமியது. தெருப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.

"என்னாங்க," என்றாள் அமலோற்பவம்.

ரெனிஷ் ஆக்ஸிலரேட்டரை விட்டான். சத்தம் அடங்கியது. பர்னபாஸ் கண்ணாடி வழியாக அண்ணாந்து பார்த்தார். "என்னளா?"

முப்பது வருடம் பக்கத்தில் படுத்த ஆள். மகனுக்குத் தகப்பன். நாக்கின் நுனியில் மூன்றே சொல் இருந்தது. பக்கத்தில் ஜெபிஷா நின்றாள். அவள் மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல. பையப் போங்க."

பர்னபாஸ் ரெனிஷைப் பார்த்தார். "இந்தக் காரப் போய்ப் பையப் போவச் சொல்லுதா பாத்தியா. மாட்டு வண்டிக்காரனுக்கு வாக்கப்பட வேண்டியவ." இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் கார் தெருமுனையில் திரும்பிவிட்டது. பிள்ளைகள் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

வாசலில் வெயில் மட்டும் நின்றது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும், இரண்டாக இருக்கலாம். அமலோற்பவம் உள்ளே போய் ஜெபப் புத்தகத்திலிருந்து லைசென்சை எடுத்துக்கொண்டு வந்தாள். மேசையில் ரெனிஷ் வைத்துவிட்டுப் போன சாவி கிடந்தது.

"வா. நாசரேத்துல விட்டுட்டு வாரேன்."

"ஓட்டத் தெரியுமா ஆண்ட்டி?"

"தெரியும்."

சீட்டு அவள் தொடை உயரத்தில் இருந்தது. உட்கார்ந்தாள், அவ்வளவுதான், எந்த மூட்டும் வலிக்கவில்லை. பிளாஸ்டிக் உறை நொறுநொறுத்தது. ஜெபிஷா பக்கத்தில் ஏறி, கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். சிவப்புக் கார் போன அதே திருச்செந்தூர் ரோட்டுக்கு வந்தார்கள். இருபுறமும் உப்பளம். குவித்து வைத்த உப்பில் வெயில் பட்டுக் கண் கூசியது. ஏசி காற்று சத்தமில்லாமல் வந்தது.

ஜெபிஷா போனை எடுத்தாள். ரெனிஷின் பெயரும் படமும் திரையில் வந்தன. கட்டைவிரல் அந்தப் பச்சை வட்டத்துக்கு மேலே நின்றது. "வண்டி ஓட்டுறப்ப எடுக்க மாட்டாவ," என்றாள், தனக்குத்தானே.

"எங்காளு சும்மாதான் இருப்பாரு. அவரு எடுப்பாரு," என்றாள் அமலோற்பவம். ஜெபிஷா நம்பர் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் திரை தானாக அணைந்தது.

கண் எட்டும் தூரம்வரை நேரான ரோடு. முன்னால் ஒரு உப்பு லாரி, அதற்கு முன்னால் ஒரு பஸ், அதற்கும் முன்னால் என்னவென்று தெரியவில்லை. தூரத்தில் யாரோ இரண்டு பேர் எதையோ நோக்கி ரோட்டைக் குறுக்காகக் கடந்து ஓடினார்கள். பஸ்ஸின் பின்விளக்கு சிவந்தது. அப்புறம் லாரியின் விளக்கு. ஓரத்தில் போன வேனின் விளக்கு, ஆட்டோவின் ஒற்றை விளக்கு. பட்டப்பகலில் ரோடு நெடுக ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே வந்தது. அமலோற்பவம் பாதத்தை மெல்ல வைத்தாள். வெள்ளைக் கார் ஒரு சத்தமும் இல்லாமல், அவள் நினைத்த இடத்தில் நின்றது.